பணிமேடைகள் பலவாக இருப்பது வீணா?

கதையும் கவிதையும் பேசுகின்ற இவ்விடத்தில் கணினியின் பணிமேடைகளைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் வியக்கக்கூடும். நியாயமான வியப்புதான். ஆயினும் நாம் எழுதுவதும் வாசிப்பதும் பெரும்பாலும் திரையில் என்றாகிவிட்ட பிறகு, அத்திரையை ஆக்கியவர் யார், அதன்மேல் நமக்குள்ள உரிமை யாது, அது எம்மொழியில் நம்மோடு பேசுகிறது என்னும் கேள்விகள் இலக்கிய வாசகருக்கு அந்நியமானவை அல்ல. ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதியவர்கள் நம் முன்னோர். எழுதப்படும் பொருள் எழுத்தின் வடிவையே மாற்றியது. இன்று அந்தப் பொருள் மென்பொருளாக இருக்கிறது.

லினக்ஸ், பிஎஸ்டி முதலான யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களைப் பயன்படுத்தத் தொடங்கும் எவரும் முதலில் திகைப்பது ஓரிடத்தில்தான். விண்டோஸில் ஒரே முகம். மாக் கணினியிலும் ஒரே முகம். இங்கோ க்னோம், கேடிஈ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஈ, மாத்தே, சின்னமன், எல்எக்ஸ்கியூடி என்று முகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு மேலாளர், தனி அமைப்புப் பலகை, தனி உரைத்தொகுப்பி. "இத்தனை பேரும் ஒன்றுகூடி ஒன்றை மட்டும் செம்மையாகச் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!" என்னும் ஆதங்கத்தைக் கடந்த கால் நூற்றாண்டாகக் கேட்டுவருகிறோம். இந்த ஆதங்கத்தில் பாதி உண்மை உண்டு, பாதி பிழை உண்டு என்பதே நம் கருத்து. பிழையான பாதியை முதலில் பார்ப்போம்.

பலவாக ஆனது எப்படி? 1996-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக் யூஸ்நெட்டில் ஓர் அழைப்பு விடுத்தார். யுனிக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிறது, ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. சாதாரணப் பயனர் தடுமாறாமல் புழங்கும்படி ஒரே சீரான சூழல் ஒன்றை ஆக்குவோம் என்பது அதன் சாரம். வணிக யுனிக்ஸ் கணினிகளில் அப்போது சிடிஈ என்றொரு பணிமேடை இருந்தது, விலைக்கு விற்கப்பட்டது. அதன் முதலெழுத்தை மாற்றிக் கேடிஈ என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். 1998 ஜூலையில் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது.

கேடிஈக்காரர்கள் சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றை வரைவதற்கு, நார்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் கியூடி என்னும் கருவித்தொகுப்பைத் தெரிந்துகொண்டனர். அது நல்ல கருவி, விலையின்றியும் கிடைத்தது. ஆனால் அதனைத் திருத்தி, திருத்திய வடிவைப் பிறருக்கு வழங்கும் உரிமையை அன்றைய உரிமம் அளிக்கவில்லை. அதாவது, மேலே கட்டப்படும் வீடு எல்லாருக்கும் உரியது; அடிமனையின் பட்டா மட்டும் ஒருவர் கையில். இதனை ஒப்பாதவர்கள் இருந்தார்கள். 1997 ஆகஸ்டில் மெக்சிகோவைச் சேர்ந்த மிகுவேல் தெ இகாசாவும் ஃபெதெரிக்கோ மேனாவும் க்னோம் திட்டத்தை அறிவித்தனர். பெர்க்லி மாணவர்கள் இருவர் ஜிம்ப் என்னும் படத்தொகுப்பிக்காகச் செய்துவைத்திருந்த ஜிடிகே என்னும் கட்டற்ற கருவித்தொகுப்பு அவர்களுக்கு அடித்தளமாயிற்று.

அந்நாளைய சண்டை கடுமையானது. 1998 இறுதியில் டெபியன் திட்டம் உரிமச் சிக்கலைக் காரணங்காட்டிக் கேடிஈயைத் தன் களஞ்சியத்திலிருந்தே நீக்கியது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது சமய வாதமாகத் தோன்றியது. "ஓடுகிறதா இல்லையா என்று பார்ப்பதை விட்டு, உரிமத்தின் வரிகளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்களே" என்று நகைத்தவர் பலர்.

ஆனால் விளைந்தது என்ன? 1998-இல் கேடிஈயும் ட்ரோல்டெக்கும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை நிறுவின. நிறுவனம் எந்நாளாயினும் கியூடியின் கட்டற்ற பதிப்பைக் கைவிடுமானால், அவ்வறக்கட்டளை அதனைத் தாராளமான உரிமத்தில் வெளியிட்டுவிடலாம் என்பது உடன்பாடு. 1999-இல் உரிமம் தளர்ந்தது. 2000 செப்டம்பரில் யுனிக்ஸ் வழிக் கணினிகளுக்கான கியூடி குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. பின்னர் 2008-இல் ட்ரோல்டெக் நோக்கியாவின் கைக்குப் போனது. நோக்கியாவிடமிருந்து பின்னர் வேறொரு நிறுவனத்துக்கும் போனது. உடைமையாளர் எத்தனை பேர் மாறினாலும் கேடிஈயின் அடித்தளம் பறிபோகவில்லை. அன்று "வீண்சண்டை" என்று சொல்லப்பட்டதே இதற்குக் காரணம். எதிரில் க்னோம் என்றொன்று எழுந்து நிற்காவிடில், நிறுவனத்துக்கு இறங்கிவர அவசியம் என்ன இருந்திருக்கும்? இரண்டாவது பணிமேடை முதலாவதைக் காத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

பலவாக இருப்பதன் பயனுக்கு இன்னொரு சான்று 2011-இல் கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் க்னோம் மூன்றாம் பதிப்பு வந்தது. கீழே இருந்த பட்டை இல்லை. பழகிய பட்டியல் இல்லை. சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் இல்லை. ஆக்கியவர்களுக்கு அதில் ஒரு தெளிவான நோக்கம் இருந்தது: கண்ணுக்கு முன்னே இருக்கும் வேலையைத் தவிர மற்றதெல்லாம் ஒதுங்கியிருக்க வேண்டும். பயனர்கள் பலருக்கோ அது தம் வீட்டுக்குள் யாரோ புகுந்து சாமான்களை இடம் மாற்றிவைத்ததுபோல் இருந்தது. வணிக மென்பொருளில் இத்தகைய மாற்றம் நேர்ந்தால் புலம்பலாம். பழைய பதிப்பைச் சிலகாலம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இறுதியில் பணிய வேண்டும். இங்கு அப்படி நடக்கவில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் க்னோம் இரண்டின் மூலநிரலை எடுத்துத் தனியே வளர்க்கத் தொடங்கினார். தம் நாட்டார் விரும்பிப் பருகும் மூலிகைப் பானத்தின் பெயரால் அதற்கு மாத்தே என்று பெயரிட்டார். லினக்ஸ் மின்ட் குழுவினர் க்னோம் மூன்றின் உள்ளுறுப்புகளைக் கொண்டே பழைய முகத்தை மீட்டெடுத்துச் சின்னமனை ஆக்கினர். 2008-இல் கேடிஈயின் நான்காம் பதிப்பு முதிராமல் வெளிவந்தபோதும் இதுவே நடந்தது. மூன்றாம் பதிப்பை விரும்பியவர்கள் டிரினிட்டி என்னும் பெயரில் அதனைத் தொடர்ந்தார்கள்.

ஒரு நூலின் பழைய பதிப்பைப் பதிப்பாளர் இனி அச்சிடுவதில்லை என்று முடிவுசெய்த பின்னரும் வாசகர் அதனைத் தாமே அச்சிட்டுக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்றால் எப்படியிருக்கும்? கட்டற்ற மென்பொருளில் கிளைபிரிதல் என்பது அதுதான். அதனைச் சிதறல் என்று மட்டும் பார்ப்பவர்கள், அது பயனருக்குக் கடைசியாக எஞ்சும் காப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மேலும், பலர் பலவிதமாக முயன்றதால் எதிர்பாராத இடங்களில் பயன் விளைந்திருக்கிறது. கேடிஈயினர் தம் கான்கரர் உலாவிக்காக எழுதிய கேஎச்டிஎம்எல் என்னும் பொறியை ஆப்பிள் நிறுவனம் எடுத்துத் தன் சஃபாரி உலாவிக்கு அடிப்படையாக்கி 2003-இல் அறிவித்தது. அதுவே வெப்கிட் ஆயிற்று. 2008-இல் வந்த கூகிள் குரோம் அதன்மேல் எழுந்தது. 2013-இல் பிளிங்க் என்று கிளைபிரிந்தது. "க்னோம் இருக்கக் கேடிஈ எதற்கு" என்று கேட்டவர்களும் அதற்கு மாறாகக் கேட்டவர்களும் இன்று எந்த உலாவியில் வாசித்தாலும், அது பெரும்பாலும் அந்த "வீணான" உழைப்பின் வழித்தோன்றலாகவே இருக்கும்.

இனி, ஆதங்கத்தின் உண்மையான பாதிக்கு வருவோம். பலவாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. ஆங்கிலத்தில் பணிமேடையைப் பயன்படுத்துவோர் அந்த விலையை அதிகம் உணர்வதில்லை. அதைக் கொடுப்பவர்கள் தமிழ் போன்ற மொழிகளுக்குப் பெயர்ப்போர்.

2000-களின் தொடக்கத்திலேயே, தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் கேடிஈயையும் க்னோமையும் தமிழில் பெயர்க்கத் தொடங்கிவிட்டனர். எந்த நிறுவனத்தின் சந்தைக் கணக்கும் அதற்குத் தேவைப்படவில்லை. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மூலநிரலோடு வரும் சொற்கோப்பைத் திறந்து, ஒவ்வோர் ஆங்கில வரியின் கீழும் தமிழ் வரியை எழுதிச் சேர்த்தால் போதும். சுட்டி, சாளரம், கோப்பு, அடைவு, உலாவி, சேமி என்று இன்று இயல்பாகப் புழங்கும் சொற்கள் பலவற்றைத் திரைக்குக் கொண்டுவந்து பழக்கியதில் இவ்வுழைப்புக்குப் பங்குண்டு.

இது வெறும் அகராதி வேலை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி "இதை நீக்கவா?" என்று கணினி கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே வினையை வைத்தால் முடிந்தது. தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். கோப்பின் பெயர் என்னவென்று மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது; 'கவிதை' என்றிருந்தால் 'கவிதையை', 'கடிதம்' என்றிருந்தால் 'கடிதத்தை'. கணினிக்குப் புணர்ச்சி இலக்கணம் தெரியாது. ஆகவே "கடிதம் என்ற கோப்பை நீக்கவா?" என்று உருபைக் கோப்பின்மேல் ஏற்றிச் சிக்கலை அவிழ்க்கிறார்கள். பட்டியலில் இருக்கும் சொல் 'சேமி'யா, 'சேமிக்கவும்' என்பதா? பயனர் கணினியை ஏவுகிறார் என்றால் 'சேமி' போதும். கணினி பயனரிடம் கடவுச்சொல்லைக் கேட்கிறது என்றால் 'உள்ளிடவும்' என்பதே மரியாதை. யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதை ஒவ்வொரு வரியிலும் உய்த்துணர வேண்டும். நாடகத்தில் உரையாடல் எழுதுபவர் செய்யும் வேலைதான் இது.

இப்படிப்பட்ட வேலையை ஒருமுறை செய்து முடித்தால் ஓய்ந்துவிடலாமா? முடியாது. க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகிறது. மூல ஆங்கில வரியில் ஒரு சொல் மாறினாலும், அதற்கு நேரான தமிழ் வரி ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும். யாரேனும் பார்த்து உறுதிசெய்யும்வரை திரையில் ஆங்கிலமே தோன்றும். பராமரிப்பார் இல்லாத மொழிபெயர்ப்பு இவ்வாறு பதிப்புக்குப் பதிப்பு தானாகவே உதிர்ந்துகொண்டிருக்கும். தமிழ் இடைமுகப்பைத் தெரிவு செய்தவர்கள், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒரு பட்டியல் விரிவதைக் காண்பது இதனால்தான். எவரும் தமிழைப் புறக்கணித்து அந்த வரிகளை அழிக்கவில்லை. நீர் ஊற்ற ஆளில்லாமல் வாடியவை அவை.

ஒரு பணிமேடைக்கே இந்த நிலை என்றால், ஐந்தாறு பணிமேடைகளுக்கு? ஒரே 'சேமி'யை, ஒரே 'திற'வை, ஒரே 'கோப்பை நீக்கவா'வை ஒவ்வொரு சூழலுக்கும் தனித்தனியே பெயர்க்க வேண்டும். செருமானிய மொழிக்கோ பிரெஞ்சுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு வாய்க்கிறது. தமிழுக்கு வாய்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களும் தம் பிழைப்புக்கிடையே நேரம் திருடி வருபவர்கள். இதன் விளைவு சோர்வு மட்டுமன்று, குழப்பமும்தான். பணிமேடை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் பணிமேடை, மற்றோரிடத்தில் மேசைத்தளம், வேறோரிடத்தில் டெஸ்க்டாப். பயனர் எதையும் தெரிவு செய்யாதபோது கணினி தானே கொள்ளும் மதிப்புக்கு இயல்பு, முன்னிருப்பு, இயல்பிருப்பு என்று மூன்று பெயர்கள். 'நீக்கு' என்பது ஒரு நிரலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. மற்றொன்றில் வட்டிலிருந்தே அழித்துவிடுவது. இரண்டாவதை முதலாவது என்று எண்ணி அழுத்தும் பயனர் தம் ஒரு மாத எழுத்தை இழக்க நேரலாம். சொற்குழப்பம் இங்கே இலக்கணப் பூசல் அன்று, இழப்பு.

ஆக, பன்மை வேண்டும். ஆனால் சிறுமொழிகளால் அதன் செலவைத் தாங்க முடியவில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க முடியுமா?

முடியும் என்று நாம் கருதுகிறோம். வழியையும் பணிமேடைகளே காட்டியிருக்கின்றன. க்னோமும் கேடிஈயும் மேலே போட்டியிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, அடியில் இருப்பதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் பிறந்தது. ஹேவக் பென்னிங்டன் 2000-இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் பொதுமன்றம் அதற்குக் களமாயிற்று. நிரல்களின் பட்டியல் எங்கே இருக்க வேண்டும், படவுருக்களுக்கு என்ன பெயர், குப்பைத்தொட்டியில் போட்ட கோப்பு எந்த அடைவில் கிடக்க வேண்டும் என்பன போன்ற சிறு விவரங்களை அங்கே உடன்பட்டு எழுதிவைத்தார்கள். இதனால்தான் கேடிஈக்கென எழுதப்பட்ட நிரல் இன்று க்னோமில் தடையின்றி ஓடுகிறது. நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளக் கேடிஈ ஒரு முறையும் க்னோம் வேறொரு முறையும் வைத்திருந்தன. பின்னர் இரண்டும் டி-பஸ் என்னும் பொது முறைக்கு வந்து சேர்ந்தன.

இவற்றினும் தமிழுக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 'கெ' என்று தட்டும்போது கணினி முதலில் ககரத்தையும் பிறகு எகரக் கொம்பையும் நினைவில் வைக்கிறது. திரையில் வரையும்போதோ கொம்பு முன்னே வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த வேலையை க்னோம் பக்கம் பாங்கோ என்னும் நிரலகம் செய்தது. கியூடி தன் பங்குக்குத் தனியே ஒன்றைச் செய்தது. இரண்டிலும் தனித்தனிப் பிழைகள்; ஒன்றில் திருத்தினால் மற்றதற்குப் பயனில்லை. பின்னர் இந்த உழைப்பு ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே பொறியில் கூடியது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்பாத் அதனை வளர்த்தெடுத்தார். இன்று க்னோமும் கேடிஈயும் மட்டுமன்றி, ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரெஆஃபீஸ், ஆண்ட்ராய்டு கைபேசி ஆகிய அனைத்தும் எழுத்துகளை இணைத்து அமைக்க அதனையே நாடுகின்றன. நண்பர்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் இக்கட்டுரையை வாசித்தால், கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்பதற்கு, இலவசப் பணிமேடைகளை ஆக்கியவர்கள் மேலே பிரிந்தும் அடியில் சேர்ந்தும் உழைத்ததே காரணம்.

மேலே பலவாக இரு. அடியில் ஒன்றாக இரு. எழுத்துக்குச் செய்ததைச் சொல்லுக்கும் செய்ய வேண்டும் என்பதே நாம் முன்வைக்கும் கருத்து. க்னோம் பெயர்ப்பவரும் கேடிஈ பெயர்ப்பவரும் லிப்ரெஆஃபீஸ் பெயர்ப்பவரும் தத்தம் திட்டத்தில் தொடரட்டும். ஆனால் அடிப்படைச் சொற்கள் சில நூறு இருக்குமல்லவா? கோப்பு, அடைவு, திற, மூடு, நீக்கு, அழி, கைவிடு போன்றவை. அவற்றுக்கு ஒரு பொதுச் சொற்பட்டியல் வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஏன் இது, ஏன் அதுவன்று என்று இரண்டு வரி விளக்கம் வேண்டும். எல்லாத் திட்டங்களும் அதனைப் பின்பற்ற வேண்டும். மாற்ற விரும்பினால் பொதுவில் வாதிட்டு எல்லா இடத்திலும் ஒருசேர மாற்ற வேண்டும். ஒருவர் ஒரு திட்டத்தில் செய்த வேலை மற்றவற்றிலும் பலிக்கும்படி மொழிபெயர்ப்பு நினைவகங்களைப் பகிரும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. குறைவாக இருப்பது உடன்பாடுதான்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. "தமிழர் எவரும் தமிழ் இடைமுகப்பைப் பயன்படுத்துவதில்லை, ஆங்கிலப் பட்டியலே எல்லார்க்கும் பழகிவிட்டது, பிறகு யாருக்காக இந்த உழைப்பு?" என்பார்கள். பழகியவர்களுக்குப் பழகிவிட்டது, மெய்தான். ஆனால் பழகாதவர்களும் இருக்கிறார்கள். தமிழ்வழியில் பயிலும் கிராமத்துச் சிறுமிக்கும், ஓய்வுபெற்ற பின் முதன்முறையாகக் கணினியின் முன் அமரும் தமிழாசிரியருக்கும், பதினைந்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்த பிறகே தன் மொழியில் எழுதத் தகுதி என்று நாம் நிபந்தனை விதிக்கலாகாது. அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வி 2000-களிலிருந்து கட்டற்ற மென்பொருளின்மேல் நடந்துவருகிறது. அங்கே அது தொழில்நுட்பத் தெரிவாக மட்டும் பார்க்கப்படவில்லை. பொதுச்சொத்தைப் பற்றிய பார்வையாகவும் இருந்தது. அரைகுறை மொழிபெயர்ப்பு மக்களை ஆங்கிலத்துக்கே விரட்டுகிறது; விரட்டப்பட்டவர்களைச் சுட்டிக்காட்டி மொழிபெயர்ப்பு வேண்டாம் என்கிறோம். இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைக்க வேண்டும்.

"நிரலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது மற்றொரு சமாதானம். இங்கேதான் நண்பர்களோடு சற்று உரிமையோடு பேச விரும்புகிறோம். இவ்வேலைக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 'நீக்கு' என்பதற்கும் 'அழி' என்பதற்கும் இடையிலுள்ள மெல்லிய வேறுபாட்டை உணரும் செவி வேண்டும். ஒரு வரி யார் வாயிலிருந்து வருகிறது என்று அறியும் வாசிப்பு வேண்டும். நாவலில் ஒரு சொல் பிசகினால் பக்கம் பக்கமாக விவாதிக்கின்ற நாம், ஒருவர் நாள்தோறும் நூறுமுறை காணும் பட்டியலின் சொற்களை எவரோ எப்படியோ வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். அன்றாடம் அதிகம் வாசிக்கப்படும் தமிழ் எது என்று கணக்கெடுத்தால், கதைத் தொகுப்புகளைவிடக் கைபேசிப் பொத்தான்களின் தமிழ் முந்திவிடும். அதன் தரம் நம் கவலைக்கு உரியதில்லையா?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமக்கு ஊதியமில்லாத வேலையைச் சிலர் செய்து, ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பணிமேடைகளில் எது உயர்ந்தது என்ற பழைய வாதத்தை விரும்புவோர் தொடரட்டும். அதிலும் சுவை இல்லாமலில்லை. நாம் கேட்பது சிறிது. உங்களுக்குப் பிடித்த ஏதேனும் ஒரு பணிமேடையைத் தெரிந்தெடுங்கள். அதன் தமிழ்க் குழுவின் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வாரத்துக்கு இருபது வரி போதும். ஆண்டுக்கு ஆயிரம் ஆகும். ஐம்பது பேர் செய்தால் ஐம்பதாயிரம். இலக்கிய ஆர்வலர் ஐம்பது பேர் தமிழில் கிடைக்கமாட்டார்கள் என்று நாம் நம்பவில்லை.